நீள் ஓட்டம் (பயிற்சி)

நீள் ஓட்டம் என்பது நெடுந்தொலைவு ஓட்டக்காரர் ஒருவர், பெரும்பாலும் வாரத்திற்கு ஒரு முறை, தமது ஏனைய நாட்களின் ஓட்டங்களைவிடக் கூடுதலான தொலைவிற்கு மேற்கொள்ளும் பயிற்சி ஆகும். இது பொதுவாகப் போட்டி வேகத்தைவிடக் குறைந்த, உரையாட இயலும் வேகத்தில் ஓடப்படுகிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடினால் அது நீள் ஓட்டம் என்பதற்கு அனைவருக்கும் பொதுவான அளவு ஏதும் இல்லை. வாரத்திற்கு 30 கி.மீ. ஓடும் ஒருவருக்கு 10 கி.மீ. நீள் ஓட்டமாகும், 160 கி.மீ. ஓடுபவருக்கு அது எளிய நாளின் ஓட்டம் மட்டுமே.

வரலாறு

நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்டு (1917–2004) இப்பயிற்சியைப் பரவலாக்கியோருள் முதன்மையானவர். இவர் தம் மாணவர்களை ஆக்லாந்து நகருக்கு மேற்கே, வைட்டாக்கரே மலைப்பகுதியில் ஏறி இறங்கும் வையாதாருவா வழித்தடத்தில் 22 மைல் (ஏறத்தாழ 35 கி.மீ.) ஓடச் செய்தார். மாரத்தான் ஓட்டக்காரர்கள் மட்டுமன்றி, 800 மீட்டர் ஓட்டக்காரரான பீட்டர் சினெல்லும் இதனை ஓடினார். 1960 உரோம் ஒலிம்பிக்கில் சினெல் 800 மீட்டரிலும், அதே நாளில் மற்றொரு மாணவரான மரி ஆல்பர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். அதன் பின்னரே இம்முறை உலகின் கவனத்தைப் பெற்றது.

லிடியார்டின் மாணவர்கள் வாரத்திற்கு ஏறத்தாழ 100 மைல் ஓடினர். அதாவது, 22 மைல் என்பது அவர்களது வார மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். 22 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு 100 என்ற எண்ணை விட்டுவிடுவது பின்வந்தோர் பலர் செய்த பிழையாகும்.

உடலில் ஏற்படும் மாற்றங்கள்

தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோசன் என்னும் மாவுப்பொருள் சேமிக்கப்பட்டுள்ளது. மாரத்தானில் ஏறத்தாழ 30 கி.மீ. கடந்தபின் பலருக்கு இச்சேமிப்பு பெரிதும் குறைந்து, வேகம் திடீரெனச் சரிகிறது. ஓட்டக்காரர்கள் இதனைச் 'சுவரில் மோதுதல்' என்பர். நீள் ஓட்டங்கள் கொழுப்பை எரிபொருளாகக் கொள்ளும் திறனை வளர்க்கின்றன. தசைகளில் இழைமணிகளையும் இரத்தத் தந்துகிகளையும் பெருக்குகின்றன. ஆயினும் எலும்பும் தசைநாணும் தசையைவிட மெதுவாகவே பழகுகின்றன. மூச்சு தாங்கும் தொலைவைக் கால்கள் தாங்காமல் போவது இதனாலேயே.

தொலைவை முடிவு செய்தல்

மாரத்தான் பயிற்சித் திட்டங்கள் பலவற்றில் மிக நீண்ட ஓட்டம் 20 மைல் ஆகும். அமெரிக்கரான ஹால் ஹிக்டனின் தொடக்கநிலைத் திட்டம் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. மைலில் இது முழு எண், கிலோமீட்டரில் 32.2 ஆகிவிடுகிறது. உடலியங்கியலில் இவ்வெண்ணுக்கெனத் தனிச்சிறப்பு ஏதுமில்லை.

அமெரிக்கப் பயிற்றுநர் ஜாக் டேனியல்சு விகிதத்தையும் நேரத்தையும் அளவுகோலாகக் கொண்டார். நீள் ஓட்டம் வார மொத்தத்தில் 25 முதல் 30 விழுக்காட்டையோ, 150 நிமிடத்தையோ, இவற்றுள் எது குறைவோ அதனைத் தாண்டலாகாது என்பது அவரது விதி. நேரத்தைக் கணக்கில் கொள்வதன் காரணம் எளிது. கிலோமீட்டருக்கு 4 நிமிட வேகத்தில் ஓடுபவர் 32 கி.மீ. தொலைவை 2 மணி 8 நிமிடத்தில் முடிப்பார். 7 நிமிட வேகத்தில் ஓடுபவருக்கு அதே தொலைவு 3 மணி 44 நிமிடம் ஆகும். தாளில் ஒன்றாகத் தெரியும் பயிற்சி, வேகம் குறைந்தவருக்கே கடுமையானதாகி, காயத்திற்கும் நீண்ட ஓய்விற்கும் வழிவகுக்கக்கூடும்.

ஆன்சன் சகோதரர்களின் மாரத்தான் முறையில் மிக நீண்ட ஓட்டம் 16 மைல் (ஏறத்தாழ 26 கி.மீ.) மட்டுமே. முந்தைய நாட்களின் களைப்போடு அதனை ஓடுவதால், போட்டியின் பிற்பகுதிக்கு உடல் பழகுகிறது என்பது அவர்கள் வாதம். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாட்கள் மட்டும் ஓடுபவர் இதனை அப்படியே பின்பற்ற இயலாது. அத்தகையோரின் உச்ச வாரத்தில் நீள் ஓட்டம் மொத்தத்தில் பாதியைத் தொடுவதும் உண்டு. 25 விழுக்காட்டு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால், 40 கி.மீ. ஓடும் ஒருவர் 10 கி.மீ. பயிற்சியுடன் மாரத்தானுக்குச் செல்ல நேரிடும். எனவே இவர்களுக்கு விகிதத்தைவிட நேர வரம்பும், படிப்படியான கூட்டலும், சில வாரங்களுக்கு ஒருமுறை தொலைவைக் குறைத்தலுமே பயன்படும் அளவுகோல்கள்.

மாரத்தானை விஞ்சிய தொலைவுப் போட்டிகளில் போட்டித் தொலைவை ஒரே நாளில் நெருங்குவது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. அதற்கு மாற்றாகச் சனி, ஞாயிறு என அடுத்தடுத்த இரு நாட்களில் நீள் ஓட்டங்களை ஓடுவர்.