பிபி மாத்திரை: காலையில் போடணுமா, ராத்திரி போடணுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

பிபி மாத்திரையைத் தூங்கப் போகும்போது போட்டால்தான் இதயத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது உண்மையா?

பேச்சு எங்கே ஆரம்பித்தது?

2019-ல் ஸ்பெயினில் இருந்து 'ஹைஜியா' என்ற ஆய்வு வெளியானது. சுமார் 19,000 பேர் பங்கேற்றனர். ராத்திரி மாத்திரை போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் 45 சதவீதம் குறைவு என்றது அந்த ஆய்வு. நேரத்தை மாற்றினாலே இவ்வளவு பலனா என்று அப்போதே பல நிபுணர்கள் சந்தேகம் எழுப்பினர்.

அடுத்து வந்த ஆய்வுகள்

பிரிட்டனில் நடந்த 'டைம்' ஆய்வின் முடிவு 2022-ல் லான்செட் இதழில் வெளியானது. 21,104 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 5 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தனர். மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இதய, ரத்தநாள நோயால் மரணம் என ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் மாலைப் பிரிவில் 3.4 சதவீதம், காலைப் பிரிவில் 3.7 சதவீதம். புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை.

கனடாவில் 3,357 பேரிடம் நடந்த 'பெட்மெட்' ஆய்வும் 2025-ல் இதையேதான் சொன்னது: ராத்திரி போடுவதால் கூடுதல் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை.

கவனிக்க வேண்டிய விஷயம்

டைம் ஆய்வில், சொன்ன நேரத்தைக் கடைப்பிடிக்காதவர்கள் காலைப் பிரிவில் 22.5 சதவீதம். மாலைப் பிரிவில் 39 சதவீதம். பழக்கமில்லாத நேரத்தைப் பிடித்துக்கொள்வது பலருக்கும் கஷ்டம் என்பது இதில் தெரிகிறது. மாத்திரையே மறந்துபோனால் பிபி ஏறும், ஆபத்து அங்கேதான்.

அப்போ எந்த நேரம் நல்லது?

உங்களுக்கு மறக்காத நேரம்தான் நல்ல நேரம். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும், வசதியான நேரத்தில், தினமும் அதே நேரத்தில் போடச் சொல்கிறது.

இதையும் மறக்காதீங்க

* சிறுநீரை அதிகம் வெளியேற்றும் பிபி மாத்திரை என்றால், காலையில் போடுவது வசதி. ராத்திரி அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருக்காது.
* ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.
* பிபி நார்மல் ஆயிடுச்சு என்று நீங்களாக நிறுத்தாதீங்க. நார்மலாக இருப்பதே மாத்திரையால் இருக்கலாம்.
* மாத்திரை போட்டதும் தலைசுற்றல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்க. நேரத்தை மாற்றுவதையும் அவரிடம் கேட்டே செய்யுங்க.