ஜேர்மானிய வான்வேவுப் படைகள்: ஒரு வரலாற்று நோக்கு

பகைவரின் நிலையை முன்னறிதல் போர்த்தொழிலின் முதற்கடனாகும். முதலாம் உலகப் போரிலே ஆகாயவிமானம் ஏற்ற முதற்பணி குண்டு வீசுதலன்று. மேலே சென்று கண்டுவந்து கூறுதலேயாம். அப்போரில் தோல்வியுற்ற ஜேர்மனிக்கு 1919ஆம் ஆண்டின் வேர்சாய் உடன்படிக்கை விமானப்படை வைத்திருக்கும் உரிமையை மறுத்தது. எனினும், 1930ஐ அடுத்த ஆண்டுகளில், முன்னாட் கடற்படை விமானியாகிய தியோடர் றோவெல் என்பார் போலந்தின் எல்லைப்புறங்களை மறைவாகப் படம்பிடிக்கலானார். அம்முயற்சியே பின்னர் விமானப்படைத் தலைமையகத்தின் நேரடி ஆணைக்குட்பட்ட தனிக் குழுவாக வளர்ந்தது. பயணிகள் விமானம் போல அடையாளந் தீட்டப்பெற்ற ஹைங்கல் 111 விமானங்கள் அயல்நாடுகளின் மேலாகப் பறந்து படமெடுத்தன.

1939இல் போர் மூண்டபோது வேவு அணிகள் இருவகைப்பட்டிருந்தன. குறுந்தூர அணிகள் தரைப்படையோடு இணைந்து, முதலில் ஹென்ஷல் 126 விமானத்தையும், பின்னர் பொக்கே-வுல்வ் 189 விமானத்தையும் பயன்படுத்தின. இரட்டைவால் அமைப்பும் கண்ணாடி அறையுமுடைய பிந்தியதனை இரசியப் போர்வீரர் 'சட்டகம்' எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். நெடுந்தூர அணிகள் டோர்னியர் 17, யுங்கர்ஸ் 88 முதலியவற்றைச் செலுத்தின. இவற்றிற் பொருத்தப்பட்ட சிறந்த கருவிகள் 50 சதமமீற்றர் குவியத்தூரமுடைய வில்லையால் 30 சதமமீற்றர் சதுரப் படங்களைத் தொடராகப் பதிவுசெய்தன.

வான்வேவின் வலிமையும் வரம்பும் 1941இல் ஒருங்கே வெளிப்பட்டன. அவ்வாண்டு மார்ச்சு 27 முதல் ஏப்பிரல் 18 வரை ஜேர்மன் விமானங்கள் எண்பது முறை எல்லை கடந்தனவென்று சோவியத்து அரசு முறையிட்டது. றோவ்னோ நகருக்கு அருகே இறங்க நேர்ந்த ஒரு விமானத்திற் படச்சுருள்களும் கிழிந்த நிலப்படமும் அகப்பட்டன. ஆயினும், போரைத் தூண்டலாகாதென்று கருதிய ஸ்ராலின் அவ்விமானங்களைச் சுடுவதற்கு இடங்கொடுத்தாரல்லர். ஜூன் 22ஆந் திகதி தாக்குதல் தொடங்கியபோது, எல்லைப்புற விமானத்தளங்கள் பல படைத்தலைவரின் நிலப்படத்தில் இருந்தன. முதல் நாளிலேயே ஏறத்தாழ 1,200 சோவியத்து விமானங்கள் அழிந்தன. ஆனால், தளங்களைக் கண்ட கண்களுக்கு நாட்டின் உள்ளாற்றல் புலப்படவில்லை. தரைப்படைத் தலைமையகத்தின் ஹால்டர், தாம் எதிர்பார்த்த பகைப் பிரிவுகள் ஏறத்தாழ 200 எனவும், அதற்குள் எண்ணப்பட்டவை 360 எனவும் ஓகஸ்டு மாதத்திலேயே தம் நாட்குறிப்பில் எழுத நேர்ந்தது.

வானாதிக்கம் கைநழுவியபின் வேவுப்பணி மேலும் அரிதாயிற்று. அழுத்தங்காக்கும் அறையுடைய யுங்கர்ஸ் 86 விமானம் 12,000 மீற்றர் உயரத்திற் பறந்து சிலகாலம் தப்பியது. 1942இல் எடை குறைக்கப்பட்ட ஸ்பிற்பயர் விமானங்கள் அவ்வுயரத்தையும் எட்டின. பிரித்தானியர் மெட்மனம் என்னுமிடத்திற் படங்களை ஒருங்கு திரட்டி ஆராய, ஜேர்மானியரோ அப்பணியைப் பெரும்பாலும் களத்துப் படைகளின் உடனடித் தேவைக்கே உரியதாக்கினர்.

1944 ஜூன் 6இல் நேசப்படைகள் நோர்மண்டியில் இறங்கின. எட்டு வாரங்களின் பின், ஓகஸ்டு 2ஆந் திகதி, எரிக் சோமர் என்பார் அராடோ 234 என்னுந் தாரை விமானத்தில் அக்கடற்கரைமேற் பறந்தார். உலகின் முதல் தாரைவிமான வேவுப் பறப்பு அதுவேயாம். மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் சென்ற அவரை எவரும் தடுத்திலர். ஒரே பறப்பிற் கிடைத்த 380 படங்கள் அதுவரை காணப்படாத முழுக்காட்சியைத் தந்தன. ஆனால், அதற்குள் அவ்ராஞ்சு வாயில் உடைந்துவிட்டது. காட்சி தெளிவாயிருந்தும், அதனைக்கொண்டு செய்யத்தக்கது சிறிதாயிற்று.

போரின் பின் அமெரிக்கர் கைப்பற்றிய ஜேர்மன் வான்படங்கள், கெடுபிடிப்போர்க் காலத்திற் சோவியத்து நாட்டை அறியும் ஆவணங்களாயின. பின்னர் வரலாற்றாசிரியர்க்கும் அவை சான்றாயின. எடுத்தவரின் நோக்கம் அழிந்தது. எடுத்த படம் நிலைத்தது. பகைவரின் கூரையைக் காண்பது ஒன்று. அவர்தம் ஆற்றலை மதிப்பிடுவது மற்றொன்று. முன்னதை ஜேர்மானியர் வில்லையால் வென்றனர். பின்னதற்கு வேண்டிய நடுநிலை அறிவு அவர்தம் தலைமையிடத்து இல்லாதொழிந்தது.