உபயம்: ஒரு டங்கசாலை அதிகாரி

கார்டன் ரீச்சிலிருந்து கிதிர்பூர் வழியாக நகரத்துக்குள் போனால் ஹூக்ளிக் கரையில் வெள்ளைத் தூண்களோடு ஒரு மண்டபம் வரும். பிரின்செப் காட். ஊரிலிருந்து யார் வந்தாலும் பின்னால் வித்யாசாகர் சேது தெரிகிற மாதிரி அங்கே ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்து அனுப்புவோம். அந்த பிரின்செப் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியாது. (பெரியவர்களைக் கேட்க வேண்டாம், மரியாதையாக இருக்கட்டும்!)

ஜேம்ஸ் பிரின்செப் பேராசிரியர் இல்லை. கல்கத்தா டங்கசாலையில் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் மாற்றுப் பார்க்கிற அதிகாரி. 1835ல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்ததில் அவர் பங்கும் உண்டு. வங்கிக்காரனான எனக்கு அதற்காகவே அவர்மேல் தனிப் பிரியம். ஆபீஸ் வேலை போக, ஏசியாட்டிக் சொசைட்டியின் செயலாளர்.

அப்போது டெல்லி, அலகாபாத் தூண்களில் இருந்த எழுத்தைப் படிக்க ஆளில்லை. 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் தூணை டெல்லிக்குக் கொண்டுவந்து பண்டிதர்களைக் கேட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. எகிப்து எழுத்தைப் படிக்க ரொசெட்டா கல் இருந்தது. இங்கே அப்படி நீளமான கிரேக்க மொழிபெயர்ப்பு எதுவும் கிடையாது, இருமொழி நாணயங்கள் சில எழுத்துக்களைக் கொடுத்ததோடு சரி.

1837ல் சாஞ்சியிலிருந்து சின்னச் சின்னக் கல்வெட்டுப் படிகள் வந்தன. பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்தில் முடிந்தன. கோயில் டியூப் லைட்டில்கூட 'உபயம்' என்று பெயர் எழுதும் நமக்கு இது சட்டென்று புரியும். அவருக்கும் புரிந்தது: 'தானம்'! 'த'வும் 'ன'வும் கிடைத்ததும் மற்ற எழுத்துக்கள் சில வாரங்களில் வசமாகிவிட்டன. உதவிய பண்டிதர் கமலாகாந்தரின் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? எனக்கு இதில் வருத்தம் உண்டு.

சரி, படித்தாயிற்று. 'தேவானாம்பிய பியதஸி' என்கிறதே, யார் இந்த ராஜா? இலங்கை மன்னனாக இருக்குமோ என்று முதலில் நினைத்தார் பிரின்செப். அதே இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் டர்னர் பாலி நூலான தீபவம்சத்திலிருந்து விடை எடுத்துக் கொடுத்தார்: சந்திரகுப்தனின் பேரன் அசோகன். அதுவரை புராணப் பட்டியலில் வெறும் ஒரு பெயர்! 1838ல் கிர்னார் பாறையில் எகிப்து மன்னன் தாலமியின் பெயரும் படிக்கப்பட்டது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று காலமும் கணக்கில் வந்துவிட்டது.

அந்த வருடமே பிரின்செப் உடல் நலம் கெட்டுக் கப்பலேறினார். 1840ல் லண்டனில் இறந்தபோது வயது 40. 'அசோகன்' என்ற பெயரையே சொல்லும் கல், தங்கம் தேடப்போன ஓர் இன்ஜினியர் கண்ணில் மஸ்கியில் பட்டது 1915ல்தான்.

இதில் நம் கதையும் இருக்கிறது. அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'சதியபுத' என்று ஒருவரையும் சொல்கிறது. அவர் துளுநாட்டுக்காரர் என்றார்கள், காஞ்சி என்றார்கள், கொங்கு என்றார்கள்... 1981ல் திருக்கோவிலூர் பக்கத்து ஜம்பையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. ஒரு குகையைத் தானமாகக் கொடுத்தவர் பெயர் அதில் இருந்தது: சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததாகப் பாடத்தில் படித்தோமே, அந்த அதியமான் குலம்!