ஓடை–ஆறு மறுஇணைப்பில் வெள்ள அபாய மதிப்பீடு

கரையாலோ மதகாலோ ஆற்றிலிருந்து துண்டிக்கப்பட்ட ஓடையை மீண்டும் ஆற்றோடு சேர்க்கும் முன், அதனால் வெள்ளம் யாருக்குக் கூடும், யாருக்குக் குறையும் என்று கணிக்கும் ஆய்வு.

ஓடை ஆற்றில் வடிவது போலவே, ஆறு பெருகும்போது அதன் நீர் ஓடைக்குள் எதிர்த்து ஏறும். அந்த நேரத்தில் ஓடையின் மேல்பகுதியிலும் மழை கொட்டினால் நீர் வடிய வழியின்றித் தேங்கும். எனவே இரண்டு உச்சங்களும் ஒன்றாக வருமா என்பதே முதல் கேள்வி. திறப்பின் அடிமட்டம் எந்த உயரத்தில் அமைகிறது, வாய்ப்பகுதி வண்டலால் தூர்ந்துபோகுமா, மரமும் நாணலும் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்பவை அடுத்து வருகின்றன. புதிதாக வெட்டிய ஓடையை மட்டும் வைத்துப் போடும் கணக்கு ஏமாற்றும். வெள்ளத்தைச் சந்திக்கப்போவது புதர் மண்டிய ஓடை.

இணைப்பு அபாயத்தைக் குறைக்கவும் கூடும். நெதர்லாந்தின் பீஸ்போஸ் பகுதியில், நியூவ மெர்வேட ஆற்றை ஒட்டிய நோர்ட்வார்ட் இதற்குச் சிறந்த சான்று. 1995இல் ரைன், மாஸ் ஆறுகள் பெருகியபோது அந்நாட்டில் சுமார் 2.5 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். பிறகு வந்த ‘ஆற்றுக்கு இடம்’ திட்டம், ரைன் நெதர்லாந்துக்குள் நுழையும் லோபித்தில் நொடிக்கு 16,000 கன மீட்டர் நீரைப் பாதுகாப்பாகக் கடத்துவதை இலக்காகக் கொண்டது. அதன்படி சுமார் 4,450 ஹெக்டேர் பரப்புள்ள நோர்ட்வார்டின் ஆற்றங்கரை தாழ்த்தப்பட்டது. பழைய ஓடைகள் திறக்கப்பட்டன. பணிகள் 2015இல் நிறைவடைந்தன. பெருவெள்ளத்தில் நீர் இவ்வழியே தென்மேற்கே பாய்வதால், மேலே உள்ள கோரின்கெம் நகரில் நீர்மட்டம் சுமார் 30 செ.மீ. குறையும் எனக் கணக்கிடப்பட்டது.

நகரின் அந்த 30 செ.மீ.க்கு விலை கொடுத்தவர்கள் நோர்ட்வார்டின் விவசாயக் குடும்பங்கள். சிலர் நிலத்தை விட்டு வெளியேறினர். தங்கியவர்களுக்கு மேடுகளின் மேல் வீடுகள் அமைந்தன. இந்த இழப்பைச் சேர்க்காத மதிப்பீடு நேர்மையானதல்ல.

செடிகொடிகளின் விளைவும் இடத்துக்கு இடம் மாறும். நோர்ட்வார்டிலுள்ள ஸ்டூர்கட் கோட்டையருகே கரையின் முன் வில்லோ மரங்கள் நடப்பட்டன. அவை அலையின் வேகத்தைத் தணிப்பதால் கரையைத் தாழ்வாகவே கட்ட முடிந்தது. ஆனால் நீர் பாயும் தடத்தில் அதே மரங்கள் வளர்ந்தால் கோரின்கெமின் பாதுகாப்பு குறையும். ஆகவே அங்கே செடிகொடிகளை மேய்ச்சலாலும் வெட்டுதலாலும் ஆண்டுதோறும் கட்டுக்குள் வைக்க வேண்டியுள்ளது. இந்தத் தொடர்செலவும் தொடக்கத்திலேயே கணக்கில் ஏற வேண்டும்.