மிதக்கும் எஞ்சின்



சரித்திரம் என்றதும் முடிமன்னர்களும் போர்க்களங்களும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று நான் சொல்லப்போவதோ உள்ளங்கை அளவே உள்ள ஒரு ரப்பர்த் துண்டின் சரித்திரம். அதைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டியது நான் செய்த ஒரு பிழை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓய்வு பெற்ற ஆண்டில் பழைய அம்பாசிடர் கார் ஒன்றை வாங்கினேன். சில மாதங்களில், வண்டி நின்ற நிலையில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் கதவும் கண்ணாடியும் நடுங்கின. கிளட்சை விடும்போது ‘டொக்’கென்று ஓர் ஓசை எழுந்தது. எஞ்சின்தான் கெட்டது என்று நானே தீர்ப்புச் செய்துவிட்டேன். பட்டறையில் தொழில் பயிலும் இளைஞர் ஒருவர், “ஐயா, முதலில் மவுண்டிங் ரப்பரைப் பார்த்துவிடலாமே” என்றார். “எஞ்சின் நடுங்குவதற்கும் ரப்பருக்கும் என்ன சம்பந்தம், தம்பி?” என்று பலர் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டேன். கார்புரேட்டரை மாற்றச் சொன்னேன். ஓய்வூதியத்தில் ஒரு பகுதி கரைந்தது, நடுக்கம் கரையவில்லை.

நான் கேட்ட கேள்விக்குரிய விடை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்தது. மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் எஞ்சினை எஃகுச் சட்டத்தோடு இறுக முடுக்கிவிடுவதே பெருவழக்கு. எஞ்சினின் அதிர்வு சட்டத்தின் வழியே ஏறிப் பயணியின் எலும்புவரை எட்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இத்தொல்லை மிகுதி. இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது இரண்டு இறங்குவதால் எல்லாம் சமனாகிவிடும் என்று தோன்றும். ஆனால் ஏறும் பிஸ்டனும் இறங்கும் பிஸ்டனும் எந்நேரமும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. ஆதலின் கிராங்க் தண்டு ஒருமுறை சுழல்வதற்குள் இருமுறை குலுக்கும் ஓர் அதிர்வு எஞ்சி நிற்கிறது. அன்றியும், ஒவ்வொரு வெடிப்பும் தண்டை ஒருபுறம் முறுக்க, எஞ்சினின் உடல் மறுபுறம் முறுகுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை இங்கே நினைவுகூருங்கள். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இம்முறுக்கு வினாடிக்கு 20 முறை நிகழும்.

1929-ஆம் ஆண்டு வண்டிகளில் செவ்ரலே நிறுவனம் ஆறு சிலிண்டர் எஞ்சினை மலிவான விலையில் தந்தது. அது நான்கு சிலிண்டரைவிட அமைதியாக ஓடியது. அப்போது தொடங்கிய பொருளாதார மந்தமோ மக்களின் கையைக் கட்டிப்போட்டது. நான்கு சிலிண்டரின் சிக்கனத்தையும் விடாமல் நடுக்கத்தையும் நீக்குவது எப்படி? கிரைஸ்லர் நிறுவனத்தின் பொறியாளர்கள் 1931-இல் பிளிமத் வண்டியில் விடை கண்டனர். நடுக்கத்தை ஒழிக்க முயல்வதற்குப் பதிலாக, எஞ்சினை அதன் போக்கில் ஆடவிட்டு, அந்த ஆட்டம் சட்டத்தைத் தொடாதபடி தடுத்தனர். முன்புறம் உயரத்தில் ஒரு ரப்பர்த் தாங்கி. பின்புறம் தாழ்வில் மற்றொன்று. இரண்டையும் இணைக்கும் கற்பனைக் கோடு எஞ்சினின் புவியீர்ப்பு மையத்தை ஒட்டிச் செல்லும். அக்கோட்டையே அச்சாகக் கொண்டு எஞ்சின் தொட்டில்போல் ஆடியது. ‘மிதக்கும் சக்தி’ என்னும் பொருள்படப் பெயரும் சூட்டினர். பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் உரிமை பெற்று 1932-இல் இம்முறையை மேற்கொண்டது. நீரில் மிதக்கும் அன்னத்தையே அவ்வண்டிகளுக்குச் சின்னமாகவும் வைத்தது.

இவ்வளவுக்கும் அடிப்படை, 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த உண்மை. வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் விறைக்கும் பச்சை ரப்பர், கந்தகத்தோடு சூடேறினால் உறுதி பெறுகிறது. ஆயினும் அது எஃகு அன்று. வெப்பத்தாலும் வயதாலும் வெடிக்கும். எண்ணெய் பட்டால் ஊதி நெகிழும்.

இனி, நோயறியும் முறையைக் கூறுகிறேன். ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்காவிட்டாலும் வண்டி நடுங்கும். அப்போது புகைக்குழாயின் ஒலி தாளம் தவறும். பின்சக்கரத்துக்குச் செல்லும் தண்டின் இணைப்புத் தளர்ந்தாலும் ‘டொக்’கென்னும். இவ்விரண்டும் இல்லையெனத் தெளிந்தபின் மவுண்டிங்கைச் சோதிக்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஒருவர் கால்பிரேக்கை அழுத்தியபடி கிளட்சைச் சிறிதே விடட்டும். மற்றொருவர் பக்கவாட்டில் நின்று நோக்கட்டும்; வண்டியின் முன்னால் நிற்றல் கூடாது. எஞ்சின் ஒருபுறம் துள்ளி எழுந்தால் ஐயம் வலுக்கும். பிறகு எஞ்சினை நிறுத்தி, எண்ணெய்த் தொட்டியின் கீழ் பலகை வைத்து, ஜாக்கியால் மெல்ல உயர்த்தினால், ரப்பர் எஃகுத் தகட்டை விட்டுப் பிரிவது கண்ணுக்கே தெரியும். கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பரையும் இவ்வாறே பார்த்தல் வேண்டும்.

என் வண்டியில் இடப்புற ரப்பர் எண்ணெயில் ஊறிப் பிளந்திருந்தது. புதியதை மாட்டுமுன் எண்ணெய்க் கசிவை அடைக்கவேண்டும், இல்லாவிட்டால் அதுவும் இப்படியே ஆகும் என்று அந்த இளைஞரே எடுத்துரைத்தார். நான் கடிந்துகொண்டவர்கள் முன்னிலையிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதனாலென்ன, ஐயா” என்று சொல்லிவிட்டுத் திருகாணியை முடுக்கத் தொடங்கினார்.

காரணம் காணுமுன் தீர்ப்பு வழங்காதீர்கள் என்று 30 ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் போதித்தவன் நான். அப்பாடத்தை நான் கற்றது அந்தப் பட்டறையில்தான்.