திருவொற்றியூருக்கு ஒரு வரி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லவிங் என்று ஒரு கவுன்ட்டி இருக்கிறது. கவுன்ட்டி என்றால் கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி. 2020 சென்சஸ்படி அங்கே இருந்தவர்கள் வெறும் 64 பேர். எங்க தெருக் கல்யாணத்தில் முதல் பந்திக்கே அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள்! 1897ல் அந்தக் கவுன்ட்டியைக் கலைத்துப் பக்கத்து கவுன்ட்டியோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே எண்ணெய் கிடைத்த பிறகு, 1931ல் மறுபடி தனியாகப் பிரித்தார்கள். இன்று அந்த 64 பேருக்கும் அட்டவணையில் தனியாக ஒரு வரி உண்டு.

இதைப் படித்ததும், நம்ம ஊருக்கும் இதே மாதிரி ஒரு அட்டவணை போட்டால் என்ன என்று தோன்றியது. நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்செல்லைத் திறந்து உட்கார்ந்தேன். அரை நாள் வேலை என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் ஆகிவிட்டது.

2011 சென்சஸ் எண்ணிக்கை சுலபமாகக் கிடைத்தது. திருவொற்றியூர் நகராட்சி 2,49,446 பேர், வடக்கே எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கம் நகராட்சி 36,617 பேர். சிக்கல் 'மாவட்டம்' என்ற காலத்தை நிரப்பும்போதுதான் வந்தது. எங்க ஊர் ஒரே இடத்தில் இருக்கிறது, முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் இது ஜெயங்கொண்ட சோழ மண்டலத்துப் புழற்கோட்டத்தில் இருக்கும் ஊர். அடுத்த பெரிய மாற்றம் 1708ல். ஜார்ஜ் கோட்டையில் தாமஸ் பிட் கவர்னராக இருந்த காலம். நவாப் தாவூத் கான் ஐந்து கிராமங்களைக் கம்பெனிக்குக் கொடுத்தார்: திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு. இந்தப் பட்டியலை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நுங்கம்பாக்கமும் நாங்களும் ஒரே நாளில் மதராஸில் சேர்ந்தவர்கள்!

ஆனால் நுங்கம்பாக்கம் நகரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. நாங்கள் பிற்பாடு செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனோம். 1997ல் அதைப் பிரித்தபோது திருவள்ளூர் மாவட்டம். 2011 மார்ச்சில் சென்சஸ் முடிந்தது, அதே வருஷம் அக்டோபரில் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். மாநகராட்சியின் பரப்பு 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. நாங்கள் மண்டலம் 1. ஆனால் மாவட்டம் மாறவில்லை. வீட்டு வரி கட்டினால் சென்னை, கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் திருவள்ளூர். 2018ல்தான் மாவட்டமும் சென்னையானது.

இத்தனைக்கும் இங்கே ஜனம் கூடியதே சென்னையின் வேலைகளுக்காகத்தான். 1806ல் மதராஸிலிருந்து எண்ணூர் வரைக்கும் காக்ரேன் கால்வாய் வெட்டினார்கள். எண்ணூர் உப்பு நகரத்துக்குப் போனது அந்த வழியில்தான். பிறகு அதுவே பக்கிங்காம் கால்வாய் ஆனது. 1946ல் எம்.ஆர்.எஃப். இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தது. 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் கார் பூட்டியது, பின்னாளில் அது அசோக் லேலண்ட் ஆனது. 1955ல் என்ஃபீல்டு வந்தது. அதன் பிறகு மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, 1970ல் எண்ணூர் அனல்மின் நிலையம். அந்த மின்நிலையத்தை 2017ல் மூடிவிட்டார்கள். என் அப்பா மாதிரி ஷிஃப்ட் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிப்போன குடும்பங்கள் ஏராளம்.

இந்த மாற்றமெல்லாம் காகிதத்தில் நடந்தது. கிழக்குப் பக்கத்து எல்லை எந்தக் காகிதத்துக்கும் கட்டுப்படாது, அது கடல்.

நம்ம கரையோரம் வருஷத்தில் பெரும்பகுதி மாதங்கள் அலை மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் கொஞ்ச மாதங்களுக்கு மட்டும் அது திசை மாறும். 1875ல் துறைமுகத்துக்கு அடிக்கல் போட்டார்கள். கடலுக்குள் நீட்டிய கல் சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது, கரையைத் தின்றது. மெரினாவில் நின்று சுண்டல் சாப்பிடுகிறோமே, அந்த மணலில் ஒரு பங்கு எங்க ஊருக்கு வந்திருக்க வேண்டியது.

கோயில் தலபுராணத்தின்படி, பிரளய வெள்ளத்தைச் சிவன் ஒற்றி விலக்கிய இடம் என்பதால்தான் இது ஒற்றியூர்.

பங்குனியில் ஒரு நாள் ஒரு குப்பத்துக்குப் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பழைய கரை எது என்று கேட்டேன். கருங்கல் சுவரைத் தாண்டி அலை உடையும் இடத்தைக் கையால் காட்டினார்.

"அங்கதான் தம்பி எங்க அம்மா சமைச்சாங்க. எங்க வீடு மூணு தடவ பின்னாடி வந்துருச்சு. இப்ப கல்லு கொட்டியிருக்காங்க, தூண்டில் வளைவு போட்டிருக்காங்க. அலை நின்னுடுச்சு, ஆனா படகு ஏத்த மணலு இல்லையே."

வீடு போனவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்டேன். "கொஞ்ச பேரு உள்ள தள்ளி வீடு பாத்துகினாங்க. கொஞ்ச பேரு எங்கன்னே தெரியல."

வீட்டுக்கு வந்து அட்டவணையை மறுபடி பார்த்தேன். அவர் சொன்னதை எழுத அதில் ஒரு காலம்கூட இல்லை. ஊரின் மொத்தத் தொகை ஏறிக்கொண்டேதான் போயிருக்கும், ஏனென்றால் கடல் துரத்தியவர்களைவிட வேலை தேடி வந்தவர்கள் அதிகம். ஒரு குப்பத்தில் ஒரு தெருவே காணாமல் போனாலும் கூட்டுத் தொகையில் அது தெரியாது.

இனி அந்தத் தொகையும் இருக்காது. 2021 சென்சஸ் நடக்கவில்லை. அடுத்தது வரும்போது திருவொற்றியூர், கத்திவாக்கம் என்று நகராட்சிகள் இருக்காது. மண்டலம் 1ல் வார்டு 1 முதல் 14 வரை என்றுதான் இருக்கும். 2011 எண்ணிக்கைதான் எங்க ஊர் தன் பெயரில் எண்ணப்பட்ட கடைசித் தடவை. சேர்த்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. பேருந்தும் குடிநீரும் ஒழுங்காக வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் வார்டு எல்லையைப் பழைய நகராட்சி எல்லையோடு இப்போதே பொருத்தி வைக்காவிட்டால், இருபது வருஷம் கழித்து 'கடலோரத்தில் ஜனம் குறைந்ததா, கூடியதா' என்று யாராலும் கேட்கக்கூட முடியாது. கேட்க முடியாத கேள்விக்கு நிவாரணமும் வராது.

அதனால் அந்த வேலையை நான் ஆரம்பித்திருக்கிறேன். வார்டு ஒரு காலம், பழைய நகராட்சி ஒரு காலம். கடைசியில் புதிதாக இன்னொன்று சேர்த்திருக்கிறேன்: 'கடலில் போன தெரு'. அதில் இப்போதைக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அந்தப் பெரியவருடையது.