நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாள்: நம் பிள்ளைகள் பதிவேட்டில் ஏறிய வரலாறு

தமிழில் 'பள்ளி' என்னும் சொல் இரு வாசல்களை உடையது. சமணத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்த அச்சொல், பின்னர் எழுத்தறிவிக்கும் கூடத்திற்கும், முஸ்லிம்களின் தொழுமிடத்திற்கும் ஒருசேர வழங்கலாயிற்று. திருப்புல்லாணியிலுள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு சோனகர் பள்ளியொன்றைக் குறிப்பிடுவதை வரலாற்றாய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகவே ஒரு தமிழ் முஸ்லிம் தகப்பனார் தம் மகனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு 'பள்ளிக்குப் போகிறோம்' என்று சொன்னால், எந்தப் பள்ளிக்கு என்று கேட்க வேண்டிய நிலை நெடுங்காலம் இருந்தது. நம் பிள்ளைகள் முதல் வகுப்பில் சேர்ந்த வரலாறு இந்த இரு பள்ளிகளுக்கும் இடையே நடந்த வரலாறேயாகும்.

குழந்தையை எந்த வயதில் ஓத வைப்பது என்பதற்கு மார்க்கத்தில் வரையறுத்த நாள் கிடையாது. ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழுமாறு ஏவுங்கள் என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதில் உண்டு. கல்வி தொடங்கும் நாளைக் குறிப்பிடும் நபிமொழி எதுவுமில்லை. ஆயினும் இந்திய முஸ்லிம்களிடையே, குறிப்பாக உருது பேசும் குடும்பங்களில், நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாள் நிறைந்த அன்று 'பிஸ்மில்லாஹ்' சொல்லிக் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. எல்லூரைச் சேர்ந்த ஜஅஃபர் ஷரீஃப் தக்கினி உருதுவில் எழுதி, சென்னை மாகாணப் படையில் மருத்துவராயிருந்த ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1832-இல் இலண்டனில் வெளியிட்ட 'கானூனே இஸ்லாம்' இச்சடங்கை விரிவாகவே பேசுகிறது. உற்றார் உறவினர் கூடுதல், பிள்ளைக்குப் புத்தாடை அணிவித்தல், ஆசிரியர் முதற்சொல்லைச் சொல்லிக்கொடுக்கப் பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லுதல், இனிப்பு வழங்குதல் எனச் செல்கிறது அந்த வருணனை. 'இக்ரஃ' என்று தொடங்கும் அலக் அத்தியாயத்தின் முதல் வசனங்கள் அன்று ஓதப்பட்டன. ஓதுவீராக என்னும் கட்டளையே வஹீயின் முதற்சொல்லாய் அமைந்த ஒரு சமுதாயத்திற்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறென்ன இருக்க முடியும்!

இந்த நான்கு நான்கு கணக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. பேரரசர் அக்பருக்கு எழுத்தறிவிக்கும் சடங்கு, அவருக்கு நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாள் ஆனபோது நடந்ததாக அபுல் ஃபஸ்ல் அக்பர்நாமாவில் எழுதுகிறார். அவர் தரும் நாளோ 1547 நவம்பரில் விழுகிறது. 1542 அக்டோபரில் உமர்கோட்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது ஐந்து வயது கடந்திருக்கும். மரபு கேட்ட வயதுக்கும் குழந்தையின் உண்மை வயதுக்கும் இடையே வேறுபாடு வந்தபோது அரண்மனை எழுத்தர் மரபுக்கே வாக்களித்தார் போலும். நல்ல நேரம் குறித்து அனைவரும் காத்திருக்க, இளவரசர் விளையாடப் போய்விட்டார் என்பதும் அங்கேயே பதிவாகியுள்ளது. பள்ளியில் சேர்க்கும் நாளில் வயதைத் திருத்தி எழுதுவதும், பிள்ளை ஓடி ஒளிவதும் நம் காலத்தில் தோன்றியவையல்ல.

தமிழ் பேசும் நம் ஊர்களில் இத்தனை ஆடம்பரமில்லை. காயல்பட்டினமாயினும் கீழக்கரையாயினும், உள்நாட்டு ராவுத்தர் ஊர்களாயினும், ஐந்து வயதையொட்டிப் பிள்ளையை லெப்பையிடமோ ஆலிமிடமோ கொண்டுபோய் 'ஓத விடுவார்கள்'. கொஞ்சம் சர்க்கரை, ஒரு காணிக்கை, ஒரு துஆ, அவ்வளவுதான் சேர்க்கை. விண்ணப்பமில்லை, பதிவேடில்லை, பிறந்த தேதியை எவரும் கேட்பதில்லை. பிள்ளையின் பெயரை உஸ்தாத் அறிவார், தகப்பனார் பெயரையும் அறிவார், பாட்டனார் பெயரைக் கூட அறிவார். பெண் குழந்தைகள் ஓதத் தெரிந்த மூத்த பெண்மணியின் வீட்டுக்குச் சென்றனர். அலிஃபு, பே, தே என்று தொடங்கி, ஜபரும் ஜேரும் பேஷும் கூட்டி, அம்ம ஜுஸ்வை முடித்து, குர்ஆனைத் தமாம் செய்வதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதனோடு அரபுத்தமிழும் கைவந்துவிடும். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டில், அரபு எழுத்தில் தமிழைப் படிக்கும் ஒரு பெரிய வாசகர் கூட்டம் நம்மிடையே இருந்தது என்பதை அக்காலத்து அச்சுநூல்களே காட்டுகின்றன. அக்கூட்டத்தில் பெண்கள் கணிசமானோர்.

இப்படிப் படித்தவர்களை அரசாங்கத்தின் கணக்கு படித்தவர்களாகக் கொள்ளவில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

1871-ஆம் ஆண்டு இரு நிகழ்ச்சிகளால் குறிப்பிடத்தக்கது. டபிள்யூ. டபிள்யூ. ஹன்டரின் 'இந்திய முஸல்மான்கள்' அவ்வாண்டில் வெளிவந்தது. மேயோ பிரபுவின் அரசாங்கம் முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவு குறித்துத் தீர்மானம் வெளியிட்டதும் அவ்வாண்டில்தான். ஹன்டர் எழுதியது பெரும்பாலும் வங்காளத்து முஸ்லிம்களைப் பற்றி. ஆனால் அந்நூல் எழுப்பிய அலை சென்னைக்கும் வந்தது. 1872-இல் சென்னை அரசாங்கம், முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஊர்களில் தொடக்கப் பள்ளிகளும், இருக்கும் பள்ளிகளில் அவர்களுக்கென வகுப்புகளும் ஏற்படுத்த ஆணையிட்டது. அரசு நிர்வாகத்திலிருந்த பள்ளிகளில் முஸ்லிம் மாணவர்க்கு அரைக்கட்டணம் என்னும் சலுகையும் வந்தது. பின்னர் அதே ஹன்டரின் தலைமையில் 1882-இல் அமைந்த இந்தியக் கல்விக் குழு, முஸ்லிம் தொடக்கப் பள்ளிகளில் இந்துஸ்தானியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்றும், அவ்வட்டார முஸ்லிம்கள் வேறு மொழியை விரும்பினால் அதற்கு விலக்கு அளிக்கலாம் என்றும் பரிந்துரைத்தது.

நாம் வாழ்ந்தது அந்த விலக்கில்தான். வடஆர்க்காட்டிலும் சென்னையிலும் உருது பேசிய குடும்பங்களுக்கு இத்திட்டம் பொருந்தியது. அங்கே முயற்சிகள் விரைந்தன: 1903-இல் வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம், 1919-இல் இஸ்லாமியா கல்லூரி. நாகூரிலோ தொண்டியிலோ உத்தமபாளையத்திலோ பிள்ளையின் தாய்மொழி தமிழ். 'முஸ்லிம் பள்ளி' என்றால் உருது என்று கருதிய அதிகாரிக்குத் தமிழ் பேசும் லெப்பைப் பிள்ளை ஒரு புதிர். பொதுப் பள்ளிக்கு அனுப்புவோமெனில் அங்கே குர்ஆன் இல்லை. அக்காலப் பெற்றோர் கல்வியை வெறுத்தனர் என்று எழுதுவது எளிது. இன்றும் நம்மவரே சிலர் அப்படி எழுதுகின்றனர். நாம் அதை ஏற்பதற்கில்லை. ஓத வைக்காமல் விட்ட தமிழ் முஸ்லிம் குடும்பம் அரிது. அவர்கள் தயங்கியது எழுத்தைக் கண்டன்று, எழுத்து யார் கையிலிருந்து வருகிறது என்பதைக் கண்டே. எனினும் அந்தத் தயக்கத்தின் விலையைப் பின்வந்த தலைமுறைகள் செலுத்தின என்பதையும் மறைப்பதற்கில்லை.

தயக்கத்திற்கு மக்கள் கண்ட நடைமுறைத் தீர்வு இரு வேளைப் படிப்பு. விடியற்காலையில் மதரஸா, அங்கிருந்து வீடு வந்து கஞ்சியோ பழையதோ உண்டு, பலகையை வைத்துவிட்டுச் சிலேட்டை எடுத்துக்கொண்டு அரசுப் பள்ளி. இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாம் தம் சிறுவயதை நினைவுகூரும்போது, விடியுமுன் எழுந்து கணக்கு ஆசிரியரிடம் சென்று, திரும்பியதும் தந்தையாருடன் தொழுது, அரபிப் பள்ளியில் ஓதிய பின்னரே பள்ளிக்கூடம் சென்றதைச் சொல்லியுள்ளார். நம் ஊர்களில் இது அதிசயமன்று, பொது நியதி. முஸ்லிம் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகள் சிலவற்றில் ஞாயிற்றுக்குப் பதில் வெள்ளி விடுமுறை விடப்பட்டதும் இந்த இணக்கத்தின் பகுதியே.

ஆனால் முதலில் ஓதி முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்த குடும்பங்களில் பிள்ளை ஏழு எட்டு வயதில்தான் ஒன்றாம் வகுப்பின் வாசலுக்கு வந்தான். அங்கே தலைமையாசிரியர் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. எட்டு வயதுப் பிள்ளை தொட்டது மட்டுமின்றி அந்தக் காதை முறுக்கியும் காட்டுவான்! பிறந்த நாள் என்ன என்ற கேள்விக்குத் தாய் சொல்லும் விடை, 'ரஜபு மாதம், கந்தூரிக்கு முந்தின வெள்ளிக்கிழமை' என்பதாக இருக்கும். ஹிஜ்ரி மாதங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னோக்கி நகர்பவை. அவற்றை ஆங்கிலத் தேதியாக்கும் பொறுமை எந்தத் தலைமையாசிரியருக்கு இருந்தது? பள்ளி திறக்கும் சூனுக்கு ஒத்த ஒரு தேதியை அவரே எழுதிக்கொண்டார். எல்லாச் சமுதாயத்து முதியவர்களிலும் பலருக்குச் சான்றிதழ்ப் பிறந்த நாள் மே, சூன் மாதங்களில் அமைந்திருப்பதன் இரகசியம் இதுவே. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-இலேயே இயற்றப்பட்டிருந்தும், பதிவேடு கிராமத்தில் இருந்ததேயன்றிப் பள்ளிக்கு வரவில்லை.

தேதியாவது போகட்டும். பெயர்? ஐனும் ஹாவும் ஸாதும் தமிழ் எழுத்தில் அடங்கா. ஒரே குடும்பத்து மூன்று சகோதரர்களின் தந்தை பெயர் முகம்மது, முகமது, முஹம்மத் என மூன்று விதமாய்ப் பதிவாகி, அவை ஆங்கிலத்திற்குச் சென்றபோது மேலும் பல்கிப் பெருகின. வளைகுடாவுக்குக் கடவுச்சீட்டு எடுத்த தலைமுறை, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தலைமையாசிரியர் அவசரமாய் எழுதிய ஓர் எழுத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது.

சாதி என்னும் கட்டம் இன்னும் கடினமானது. 'நாங்கள் முஸ்லிம்' என்று பெருமிதத்தோடு சொன்ன தகப்பனாரின் சொல்லை ஆசிரியர் அப்படியே எழுதினார். கொள்கையளவில் அத்தகப்பனார் சொன்னது சரியே. சலுகைப் பட்டியலோ 'லெப்பை' என்ற பெயரைத் தேடிற்று. ராவுத்தரும் மரைக்காயரும், பேசுவது தமிழாயினும் உருதாயினும், அதில் அடங்குவர். 2007-இல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தபோது, அன்சார், தக்கினி முஸ்லிம், தூதேகுலா, லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்னும் ஏழு பிரிவுகள் அதற்குரியனவாயின. முதல் வகுப்பில் அந்தக் கட்டத்தில் எழுதப்பட்ட ஒரு சொல், பதினெட்டாம் வயதில் கல்லூரி வாசலில் திறவுகோலாகவோ பூட்டாகவோ ஆயிற்று.

பெண்மக்களின் பதிவு தனியே சொல்லத்தக்கது. சென்னையில் ஆளுநர் ஹோபார்ட் பிரபுவின் துணைவியார் முஸ்லிம் பெண்களுக்கென 1870-களில் தொடங்கச் செய்த பள்ளி நீங்கலாக, தொடக்க காலத்தில் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. பொதுவாகப் பெண்பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏறினாலும், மூன்றாம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ அடிக்கப்பட்டுவிடும். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரைதான். 1938-இல் அவர் எழுதி வெளியிட்ட 'காதலா? கடமையா?' புதினத்திற்கு உ. வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருவர் இதைச் செய்தார் என்று நாம் வியக்கிறோம். அவரோடு அதே வகுப்பில் நிறுத்தப்பட்ட மற்றப் பிள்ளைகளைப் பற்றி வியப்பதற்கு நமக்கு ஒரு பதிவும் இல்லை.

2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்கலாகாது என்கிறது. பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதையும் தடுக்கிறது. சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிர்வாக உரிமை காக்கப்பட்டதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் சமுதாயத்தின் பெயரால் நடக்கும் பள்ளியின் வாசலில், கட்டணம் கட்ட இயலாத சமுதாயப் பிள்ளை நிற்கும்போது, அந்தத் தீர்ப்பு எவருக்கு அரணாயிற்று என்று கேட்காமலிருக்க இயலவில்லை. அரைக்கட்டணத்தை 1870-களில் அயல் அரசாங்கம் தந்தது!

இதற்கிடையில் மதரஸாவின் விடியற்பொழுதும் பறிபோயிற்று. மூன்றரை வயதுப் பிள்ளையை ஏழரை மணிக்கு வேன் வந்து ஏற்றிச் செல்லும் ஊர்களில் ஓதும் நேரம் மஃக்ரிபுக்குத் தள்ளப்பட்டு, தூங்கி வழியும் கண்களோடு அலிஃபு படிக்கப்படுகிறது. முன்னர் பள்ளிக்கூடம் மதரஸாவுக்காகக் காத்திருந்தது. காத்திருக்கும் முறை இப்போது மதரஸாவுக்கு.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் ஆவணம். பள்ளிச் சேர்க்கைக்கும் அதுவே. அக்குழந்தைகள் இன்னும் ஒன்றாம் வகுப்பின் வாசலுக்கு வரவில்லை. அவர்கள் வரும்போது காதைத் தொடச் சொல்ல எவருமிருக்கார். பெயரை எழுதுவதும் தலைமையாசிரியரின் பேனாவாக இராது. பிறப்பைப் பதிய 21 நாள் தவணை. அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுவது ஏழாம் நாள். பெயர்க்கட்டத்தை வெறுமையாக விட்டு வாங்கிய சான்றிதழ்கள் நம் வீட்டுப் பெட்டிகளில் இன்றும் கிடக்கின்றன.